அக்கா எடுத்த அறை

மாமா அந்த ரெக்கார்டரைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பொட்டலத்தைப் பிரிக்காமலே மேசைமேல் வைத்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, ஆனால் உட்காரவில்லை. அது இடைவேளையில் அக்கா வந்து உட்காரும் நாற்காலி என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. எப்படியோ தெரிந்திருந்தது.

"கார்டுல ஒண்ணு இருக்கும்மா," என்றார். "பக்கத்து வீட்டுப் பையன் அவன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தான். முந்நூத்தம்பது எம்பின்னு காட்டுது. ஆனா அமுக்கினா பாட மாட்டேங்குது. நீளம் பூஜ்யம்ங்குது. என்ன கணக்கு இது?"

அவர் மனைவியின் தங்கை பொட்டலத்தைப் பிரித்தாள். அந்த ஸ்டூடியோவில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். வைத்தவள் அக்காதான். புத்தகங்களை வாசித்து ஒலிநூலாக்கும் இடம் அது. ஏழு வருடமாக அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாசித்தாள். தங்கை இந்தப் பக்கம் உட்கார்ந்து வெட்டினாள். தடுமாற்றத்தை வெட்டுவாள், நாக்கு ஒட்டும் சத்தத்தை வெட்டுவாள், எல்லாவற்றையும்விட அதிகமாக மூச்சை வெட்டுவாள். "நான் விடுற மூச்சையெல்லாம் இவ குப்பையில கொட்டுறா. எந்த ஜென்மத்துப் பகையோ," என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அதற்குப் பிறகு மேனேஜர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை அவளைக் கத்திரி என்றே கூப்பிட்டார்கள். சம்பளக் கவரில்கூட ஒருமுறை அப்படியே எழுதிவிட்டார்கள்.

ரெக்கார்டர் ஸ்டூடியோவுடையது. கடைசி மாதங்களில் அக்காவுக்கு நுரையீரல் கைவிட ஆரம்பித்தது. மாடி ஏற முடியவில்லை. கையிலிருந்த புத்தகத்தில் ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. "வீட்டுல உட்கார்ந்து மெதுவா வாசிக்கிறேன், அவசரப்படுத்தாதீங்க," என்று சொல்லி, ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு போனாள். அத்தியாயம் வந்து சேரவில்லை. அவள் போய்விட்டாள். சாவு வீட்டின் இரைச்சலில் ரெக்கார்டரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மாமா பீரோவைத் துடைக்கும்போது கிடைத்திருக்கிறது.

"இவ்வளவு பெரிசா இருக்குன்னா, அவ்வளவு பேசியிருக்கான்னுதானே அர்த்தம்?" மாமாவின் குரலில் ஒரு ஏக்கம் இருந்தது, அதற்குப் பின்னால் வேறு ஏதோவும் இருந்தது.

கத்திரிக்கு அப்படி அர்த்தமில்லை என்று தெரியும். இது வேவ் கோப்பு. சுருக்கத் தெரியாத கோப்பு. ஒரு நொடியில் நாற்பத்து நாலாயிரத்து நூறு தடவை காற்றின் அழுத்தத்தை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஒரு எண்ணாக எழுதிக்கொண்டே போகும். எது முக்கியம், எது வேண்டாம் என்று பார்க்காது. காதுக்கு எட்டாததைத் தூக்கி எறிந்து இடத்தை மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியமெல்லாம் மற்றக் கோப்புகளுக்கு. இதற்கு ஒரு மணி நேரப் பேச்சும் ஒரு மணி நேர மௌனமும் ஒரே கனம். அளவைப் பார்த்தால் எவ்வளவு நேரம் என்று சொல்லலாம். யாராவது பேசினார்களா என்று சொல்ல முடியாது.

அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. வேறொன்றைச் சொன்னாள்.

"கோப்போட தலையில ஒரு சின்ன இடம் இருக்கு மாமா. உள்ளே என்ன இருக்கு, எவ்வளவு நீளம்னு அங்கதான் எழுதும். பதிவு ஆரம்பிக்கும்போது எவ்வளவு நேரம் ஓடும்னு அதுக்குத் தெரியாதில்ல? அதனால பூஜ்யம்னு போட்டு வச்சுக்கும். நாம நிறுத்துற பட்டனை அமுக்கினதும் திரும்பிப் போய் சரியான கணக்கை எழுதும். அக்கா நிறுத்தலை. பேட்டரி தீர்ந்துபோயிருக்கு. பூஜ்யம் பூஜ்யமாவே நின்னுடுச்சு."

"உள்ளே?"

"உள்ளே எல்லாம் இருக்கும்."

மாமா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "லிஃப்ட் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல மாட்டிக்கும். வெளியில இருக்கிற போர்டு அணைஞ்சிருக்கும். நிக்கிறவன் எல்லாம் காலி லிஃப்ட்டுன்னு நினைச்சுப் படியில போயிடுவான். உள்ளே ஆள் இருப்பான்." கொஞ்சம் நிறுத்தி, "தட்டிக்கிட்டே இருப்பான்," என்றார்.

"அதேதான் மாமா."

"திறந்துடுவியா?"

"திறந்துடலாம்."

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "கத்திரி, ஒண்ணு சொல்றேன் கேளு. இதுல உன் வேலையைக் காட்டாதே. இருமல் இருந்தா இருமல், மூச்சு வாங்கினா மூச்சு. எதையும் எடுக்காம அப்படியே குடு. அன்னைக்கு அந்த ரூம்ல என்ன கேட்டுதோ, அது எனக்கு முழுசா வேணும்."

"சரி மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் போனபிறகு வெகுநேரம் அவள் ரெக்கார்டரைத் தொடவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்து ஓரமாக வைத்தாள். அதில் பீரோவின் வாசனை அடித்தது.

*

கார்டிலிருந்த கோப்பைத் தன் கம்ப்யூட்டருக்கு நகர்த்தி, தலைப்பகுதியைத் திறந்தாள். ஒரு வரிசை எழுத்து, ஒரு வரிசை எண். நீளம் எழுத வேண்டிய இரண்டு இடத்திலும் வெறும் பூஜ்யங்கள். வாசலில் யாருமில்லை என்று பலகை மாட்டிய வீடு போல. அதற்குக் கீழே திரை கொள்ளாத எண்கள், உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. அக்கா இருந்த அறையின் காற்று.

பழுதான தலையைத் திருத்துவதைவிடப் புதிதாக ஒன்றை எழுதி ஒட்டுவது அவளுக்குக் கைவந்த வேலை. நொடிக்கு எத்தனை அளவு, ஓர் அளவுக்கு எத்தனை இடம், ஒற்றை மைக்கா இரட்டை மைக்கா, மொத்த நீளம் எவ்வளவு. ஸ்டூடியோவில் எல்லாமே இரட்டை. கை பழக்கத்தில் இரட்டை என்றே எழுதியது. சேமித்தாள். கோப்பு உடனே உயிர்பெற்று, அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் என்று காட்டியது. அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அமுக்கினாள்.

"அறை எடுக்கறேன்," என்றது ஒரு சிறுமியின் குரல்.

கத்திரி ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அது அக்காதான். பத்து வயது அக்கா. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, போர்வைக்குள் டார்ச் அடித்துக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டும் அக்கா. மெல்லிசாக, அவசரமாக, மூச்சு முட்டாத குரல்.

தப்பு எங்கே என்று அடுத்த நொடியே புரிந்தது. ரெக்கார்டரில் ஒற்றை மைக்தான் ஓடியிருக்கிறது. ஒருவருக்கு உரிய எண்களை இவள் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பங்கு போடச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு காதுக்கும் பாதி எண்கள். அதனால் இரண்டு மடங்கு வேகம், பாதி நேரம். எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. தலையில் எழுதியது மட்டும் பொய்.

திருத்துவதற்கு ஒரு எழுத்தைத் தட்டினால் போதும். அவள் தட்டவில்லை. இன்னொருமுறை கேட்டாள். இன்னும் ஒருமுறை. அந்தச் சிறுமி ஒவ்வொரு தடவையும் அதே உற்சாகத்தோடு, "அறை எடுக்கறேன்," என்றாள். பிறகு கத்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரட்டையை ஒற்றையாக்கினாள். நேரம் ஒரு மணியைத் தாண்டியது. குரல் இறங்கிக் கனத்தது.

"அறை... எடுக்கறேன்."

இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு மூச்சு தேவைப்பட்டிருந்தது.

அறை எடுப்பது என்பது அவர்களுடைய வழக்கம். வாசிக்கத் தொடங்குமுன் அரை நிமிடம் யாரும் பேசாமல் அசையாமல் இருந்து, வெறும் அறையைப் பதிவு செய்வார்கள். எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு முனகல் உண்டு. வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் கேட்கிறவருக்குப் பள்ளத்தில் கால் விட்டதுபோல இருக்கும். அதனால் அதே அறையின் மௌனத்தை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுவார்கள்.

வீட்டிலும் அக்கா வழக்கத்தை விடவில்லை. கத்திரி கண்ணை மூடிக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். மின்விசிறி. தொலைவில் ஒரு வண்டி. சுவருக்கு அப்பால் சமையலறையில் சலவை மெஷின் கடகடவென்று சுற்றுகிறது. அக்காவின் மூச்சு, உள்ளே போகும்போது சிறிய விசிலோடு. மெஷின் சுற்றி முடித்து, மூன்று தடவை கூவி நின்றது. அதற்குத்தான் காத்திருந்தாளோ என்னவோ, காகிதம் புரளும் சத்தம் கேட்டது. இதோ ஆரம்பிக்கப் போகிறாள்.

அப்போது சுவருக்கு அப்பால் மாமாவின் குரல் கேட்டது. தொலைபேசியில், அவருடைய அண்ணனிடம். அவ்வளவு சன்னமாக இருந்தது. வேறெந்தக் கோப்பாக இருந்தாலும் இதைப் பொருட்படுத்தாமல் உதறியிருக்கும். இது உதறத் தெரியாத கோப்பு. கத்திரி சத்தத்தைக் கூட்டினாள்.

"...முடியலைண்ணா. தூங்கி எத்தனை நாளாச்சு. அவ இழுக்கிற ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன். சீக்கிரம் நின்னுட்டா தேவலைன்னு இருக்கு. அவளுக்காகச் சொல்லலை. எனக்காகத்தான்..."

அக்காவின் மூச்சு நின்றது.

கத்திரி விறைத்துப்போய்த் திரையைப் பார்த்தாள். ஒலியின் அலை தரையோடு தரையாகக் கிடந்தது. மின்விசிறி மட்டும் ஓடியது. ஏழு வருடமாக அந்த மூச்சைத் தேடித் தேடி வெட்டியவள் அவள். அடக்கிய மூச்சுக்கும் ஓய்ந்த மூச்சுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்க வேண்டுமென்று தன் விசிலை நிறுத்தி வைத்திருந்தாள். பிறகு, ஒரு மூட்டையை இறக்கி வைப்பதுபோல, நீளமாக விட்டாள்.

அதற்குப்பின் அவள் வாசிக்கவேயில்லை. காகிதம் புரளவில்லை. நிறுத்தவுமில்லை. மூச்சு, விசிறி, மூச்சு. கத்திரி தள்ளிப் போகாமல், தாவிப் பார்க்காமல் அத்தனையும் கேட்டாள். வேறென்ன செய்ய முடியும்? ஒரு நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு தடவை அளந்து எழுதியிருக்கும்போது, அதில் ஒரு நொடியைக்கூட இவள் தாண்டிப்போவது நியாயமாகப் படவில்லை.

கடைசியில் கதவு திறந்தது.

"என்ன, வாசிச்சாச்சா?" மாமா, இப்போது பக்கத்தில்.

"இல்ல. இன்னும் அறைதான் எடுத்துட்டு இருக்கேன்."

"இவ்வளவு நேரமாவா? அந்த மைக்குக்கே கொட்டாவி வந்திருக்கும்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியது.

"தண்ணி தரவா?"

"வேணாம். இங்க வந்து உட்காருங்க. பேசாதீங்க. பேசினா மறுபடி முதல்லேருந்து எடுக்கணும்."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு இரண்டு மூச்சுகள். ஒன்று விசிலோடு, ஒன்று அலுப்போடு. முதலில் தனித்தனியாக ஓடின. போகப்போக ஒன்றுக்கொன்று காத்திருந்து, சேர்ந்து நடப்பதுபோல ஓடின. நடுவில் பேட்டரி தீர்ந்தது.

*

மேனேஜர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "கத்திரி, அந்தக் கடைசி அத்தியாயம் கிடைச்சுதா?"

"இல்ல சார். அறைதான் இருக்கு."

"ஒரு மணி நேரத்துக்கா? என்னம்மா, லாட்ஜ்ல எடுத்த மாதிரி..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அது அக்காவும் அவரும் வழக்கமாகப் பேசிக்கொள்ளும் வேடிக்கை. "மன்னிச்சுக்கோ. வாய் பழக்கம்." கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமாவுக்கு என்ன வேண்டும் என்று இப்போது புரிந்தது. அக்கா என்ன பேசினாள் என்பதல்ல. அக்காவுக்கு என்ன கேட்டது என்பது. அந்த நாளை அவர் மறக்கவில்லை. மேசைமேல் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்ததையும் சுவர் எவ்வளவு மெல்லிசு என்பதையும் யோசித்து யோசித்துத்தான் பொட்டலத்தோடு வந்திருக்கிறார்.

அவர்மேல் கோபம் வரவேண்டும் என்று நினைத்தாள். கொஞ்சம் வந்தது. பிறகு, அந்த வீட்டுக்குத் தான் போன நாட்களில் ஒரு மணி நேரம் தாண்டுவதற்குள் கைப்பையைத் தேடியது ஞாபகம் வந்தது. அவர் எழுந்து போக இடமில்லாத ஆள். மனசுக்குள் தோன்றியதைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சொன்னார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வந்தார்.

சத்தியம் செய்திருந்தாள். ஆனாலும் கை மவுஸை நகர்த்தியது.

மாமாவின் வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் விசிறி மட்டும் ஓடிய அறையின் மௌனத்தை அங்கே போட்டாள். போதவில்லை. அக்காவின் மூச்சு அங்கே இல்லாமல் ஒரு குழி விழுந்தது. அவள் மூச்சை அடக்கியிருந்த இடம் அப்படியே தெரிந்தது. வேறொரு இடத்திலிருந்து அக்காவின் மூச்சு ஒன்றைப் பிரதி எடுத்தாள். கொண்டுவந்து ஒட்டினாள். இன்னொன்று. பிறகு இன்னொன்று. சின்ன விசிலோடு அவை வரிசையாக, எதையும் கேட்காத ஒருத்தியின் மூச்சாக ஓடின. அக்காவின் மூச்சை வெட்டியே பழகிய கை, முதல்முறையாக ஒட்டுகிறது என்பது வேலை முடிந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நீளம் மாறவில்லை. ஒரு நொடிகூடக் குறையவில்லை.

*

மாமா சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இந்தத் தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை அவளே மாட்டிவிட்டாள்.

"அக்கா வாசிக்கலை மாமா. பேச்சு கொஞ்சம்தான், கடைசியில. மிச்சமெல்லாம் சும்மாதான் இருக்கு."

"பரவால்ல. ஓட விடு."

திரையில், பதிவு ஓடும் இடத்தைக் காட்டும் கோடு நகர்ந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். அக்காவின் முதல் வார்த்தைக்கு உதடு துடித்தது. பிறகு முகம் அடங்கியது. சலவை மெஷின் நின்ற இடத்தைக் கோடு தாண்டியபோது, அவர் கை மேசை விளிம்பைப் பிடித்தது. விரல் நுனிகள் வெளுத்தன. கத்திரி தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். கோடு அவள் ஒட்டிய இடத்துக்குள் நுழைந்தது, நகர்ந்தது, வெளியே வந்தது. விரல்கள் உடனே விடவில்லை.

முழுவதும் கேட்டார். நடுவில் ஒருமுறை அவள் தண்ணீர் நீட்டினாள், தலையசைத்து மறுத்தார். கடைசியில் தன் குரலையே கேட்டு லேசாகச் சிரித்தார். அவர் மூச்சும் அக்கா மூச்சும் சேர்ந்து ஓடியபோது கண்ணீர் தாடைவரை இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. பதிவு அறுந்தபின்னும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு கேட்டார். "மெஷின் நின்னுதில்ல. அதுக்கப்புறம் சமையல்கட்டுலேருந்து ஒண்ணும் வரலையா?"

"இல்லையே மாமா. நீங்க சமையல்கட்டுக் கதவைச் சாத்தியிருப்பீங்க போல."

"கதவு சாத்தலை," என்றார்.

மின்விசிறி சுற்றியது. அவர் திரையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், மவுஸின் மேலிருந்த விரல்களைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் முடிந்தது என்று தெரியும். இருவருக்கும் நடுவே மௌனம் நீண்டுகொண்டே போனது. யாராவது பதிவு செய்திருந்தால் அதுவும் ஒரு நல்ல அறையாக இருந்திருக்கும்.

"சாத்தினேனோ என்னவோ," என்றார் கடைசியில். "யாருக்கு ஞாபகம்."

ஒட்டிய கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். அதை அவர் அதே கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "உங்கக்கா உனக்குச் சரியாத்தான் பேர் வச்சா."

அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாதா? படியிறங்கும் செருப்புச் சத்தத்தில் அவள் விடை தேடினாள். கிடைக்கவில்லை. இனி ஒருபோதும் கேட்கவும் முடியாது.

மூலக்கோப்பு அவளிடம் இருந்தது. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தாள். அக்கா அவ்வளவு பெரிய வார்த்தையைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் அவரை வந்து உட்காரச் சொல்லியிருக்கிறாள். அது வேறெங்கும் இல்லை. இந்தக் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. அந்தச் சொல்லோடு சேர்த்துத்தான் இருக்கிறது.

அவள் தலைப்பகுதியைத் திறந்தாள். தான் எழுதிய நீளத்தை ஒவ்வொரு எண்ணாக அழித்து, இரண்டு இடத்திலும் பழையபடி பூஜ்யங்களைப் போட்டாள். சேமித்தாள். ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றது.

உள்ளே, விசிறிக்குக் கீழே, காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.